குறுஞ்செய்தி யார் கையில்? திறந்த தரநிலைகளும் நிறுவனங்களின் பிடியும்: கேள்வி பதில்கள்

எஸ்எம்எஸ், அதன் அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ், ஆப்பிளின் ஐமெசேஜ், வாட்ஸ்அப் ஆகிய நான்கும் கைபேசித் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றின் விதிகளை எழுதுவது யார், சர்வர்களை நடத்துவது யார், ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவற்றில் பெரிதும் வேறுபடுகின்றன. இது குறித்து வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

எஸ்எம்எஸ் எந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது?

எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. 1980களில் ஐரோப்பியத் தொலைபேசி அமைப்புகள் கூடி ஜிஎஸ்எம் என்னும் செல்பேசி முறையை வகுத்தபோது அதன் ஓர் உறுப்பாக எஸ்எம்எஸ் உருவானது. அதன் தரநிலையை முதலில் எட்சி என்னும் ஐரோப்பிய அமைப்பும், பின்னர் 3ஜிபிபி என்னும் உலகக் கூட்டமைப்பும் பராமரித்து வருகின்றன. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர், பிரிட்டனில் வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸுக்குக் கணினியிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தை அனுப்பினார். முதல் குறுஞ்செய்தி அதுதான்.

ஆயினும் தரநிலை பொதுவாக இருந்ததனால் மட்டும் எல்லோரும் எல்லோருக்கும் செய்தி அனுப்ப முடிந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஒரு சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப இயலவில்லை; பிரிட்டனில் அந்தத் தடை 1999இல்தான் நீங்கியது. கைபேசிகள் ஒரே மொழியைப் பேசின; நிறுவனங்கள்தாம் தங்களுக்குள் இணைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருந்தன. இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களுக்கும் இதுவே முன்னோடி.

ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்ப முடிகிறது. தமிழில் மட்டும் ஏன் 70?

குறுஞ்செய்தி, அழைப்புகளை இணைப்பதற்கென இருந்த சமிக்ஞைத் தடத்தில் பயணிக்குமாறு வடிவமைக்கப்பட்டது. அந்தத் தடத்தில் ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் எனக் கொண்டால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு அந்த 7 பிட் அட்டவணையில் இடம் இல்லாததால் கைபேசி 16 பிட் முறைக்கு மாறிவிடுகிறது, எனவே 70. அந்த எழுபதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே கணக்கில் சேரும்: ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கைபேசிக்கு ஐந்து. செய்தி 70ஐத் தாண்டினால், துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான் மிஞ்சும்.

பின்னாளில் 3ஜிபிபி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகளைத் தரநிலையில் சேர்த்தது. ஆனால் கைபேசிகள் பெரும்பாலும் 16 பிட் முறையையே தொடர்கின்றன. ஆவணத்தில் ஒன்று இடம்பெறுவதாலேயே அது நம் கைக்கு வந்துசேர்ந்துவிடுவதில்லை.

திறந்த தரநிலையும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றா?

இல்லை. தரநிலை என்பது ஓர் ஆவணம். மென்பொருள் அதன்படி எழுதப்படுவது. மூலநிரல் மூடப்பட்ட மென்பொருளும் திறந்த தரநிலையைப் பின்பற்றலாம். மூலநிரல் திறந்திருக்கும் செயலியும் ஒரே நிறுவனத்தின் சர்வரோடு மட்டும் பேசலாம், சிக்னல் என்னும் செய்திச் செயலி அப்படிப்பட்டது.

ஒரு தரநிலை எவ்வளவு திறந்தது என்பதை நான்கு கேள்விகளால் எடைபோடலாம். அதை யாரும் படிக்கலாமா? யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன்படி மென்பொருள் எழுதலாமா? அதைத் திருத்தும் இடத்தில் யாருக்கு வாக்கு இருக்கிறது? எழுதிய மென்பொருளை ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்போடு இணைக்க விடுவார்களா? இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் தனிமனிதர் எவரும் பங்கேற்கலாம். ஆர்சிஎஸ்ஸை நிர்வகிக்கும் ஜிஎஸ்எம்ஏ, செல்பேசிச் சேவை நிறுவனங்களும் அத்துறை சார்ந்த நிறுவனங்களும் உறுப்பினராக உள்ள சங்கம். தொலைத்தொடர்புத் தரநிலைகளில் காப்புரிமைகளுக்கும் இடம் உண்டு. அவற்றை நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் உரிமம் தர வேண்டும் என்பது மட்டுமே விதி. செய்திச் சேவைகளைப் பொறுத்தவரை முதல் மூன்று கேள்விகளைவிட நான்காவதே பெரும்பாலும் தோற்கிறது.

ஆர்சிஎஸ் என்றால் என்ன? அது பரவ ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையாகத் தொலைபேசித் துறை வகுத்த தரநிலை ஆர்சிஎஸ். பெரிய படங்கள், குழு உரையாடல், எதிராளி தட்டச்சு செய்வதைக் காட்டும் குறி, படித்துவிட்டார் என்னும் அடையாளம் ஆகியவை இதில் உண்டு. 2007இல் தொடங்கிய இந்த முயற்சியை 2008இல் ஜிஎஸ்எம்ஏ ஏற்றது. 2012இல் ஸ்பெயினில் ‘ஜாயின்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்குள் 2009இல் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப், எந்தச் சேவை நிறுவனத்தின் ஒத்துழைப்பும் தேவைப்படாமல், இணைய இணைப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் பரவிவிட்டது.

குறுஞ்செய்தி வருவாயில் திளைத்திருந்த நிறுவனங்கள், அதைக் குறைக்கக்கூடிய ஒன்றை நிறுவுவதில் அவசரம் காட்டவில்லை என்பதே என் கணிப்பு. நிறுவியவையும் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு அம்சங்களோடு நிறுவின. எல்லோருக்கும் பொதுவான ‘யுனிவர்சல் புரொஃபைல்’ ஆவணத்தின் முதல் பதிப்பு 2016 நவம்பரில்தான் வெளியாயிற்று. அதாவது, தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து.

அப்படியானால் ஆர்சிஎஸ் கூகுளுடையதா?

ஆவணம் கூகுளுடையதன்று, நடைமுறையில் அதன் மீதான பிடி பெருமளவு கூகுளிடம் இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

2015 செப்டம்பரில் ஆர்சிஎஸ் சர்வர் மென்பொருளை உருவாக்கிவந்த ஜைப் மொபைல் நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. சேவை நிறுவனங்கள் தாமே சர்வர்களை நிறுவட்டும், இயலாதவை ஜைப்பைப் பயன்படுத்தட்டும் என்பது தொடக்கத் திட்டம். அவை அசையாதிருந்ததால், 2019 ஜூனில் பிரிட்டனிலும் பிரான்சிலும் கூகுள் அவற்றுக்காகக் காத்திராமல் தன் சர்வர்களிலிருந்தே பயனர்களுக்கு நேரடியாக ஆர்சிஎஸ் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நான்கு பெரிய சேவை நிறுவனங்கள் கூடித் தங்களுக்கென ஒரு செயலியைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. 2021இல் அந்தத் திட்டம் ஓசையின்றிக் கைவிடப்பட்டது. அந்த ஆண்டிலேயே டி-மொபைல், ஏடி அண்ட் டி, வெரிசான் ஆகிய மூன்றும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுள் மெசேஜஸ் செயலியை இயல்புச் செயலியாக ஏற்றன. 2023இல் ஏடி அண்ட் டி தன் ஆர்சிஎஸ் சேவையையே ஜைப்புக்கு மாற்றிவிட்டது. கூகுள் எதையும் பறித்துக்கொள்ளவில்லை. பிறர் கைவிட்டதை எடுத்து நடத்தியது. அதற்காக விளைவு மாறிவிடாது.

அந்த விளைவுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். 2022இல் இந்தியாவில் ஆர்சிஎஸ் வழியாக விளம்பரங்கள் குவிந்து புகார்கள் எழுந்தபோது, அந்த நாட்டில் விளம்பரச் செய்திகள் அனுப்பும் வசதியைக் கூகுள் நிறுத்திவைத்தது. பயனர்களுக்கு அது நிம்மதியளித்த முடிவுதான். ஆயினும் ஒரு நாடு முழுவதற்குமான பொத்தான் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதையும் அது காட்டியது. 2024இல், இயங்குதளத்தை மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஆர்சிஎஸ்ஸைக் கூகுள் தடுத்தது. குப்பைச் செய்திகளைக் கட்டுப்படுத்துவது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் கைபேசிகளை வைத்திருந்தோருக்கு, செய்தி போய்ச் சேரவில்லை என்ற எச்சரிக்கைகூட வரவில்லை. ‘அனுப்பு’ என்பதைத் தொட்டார்கள். செய்தி எங்கும் போகவில்லை. எஸ்எம்எஸ்ஸில், கைபேசியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று வலையமைப்பு கேட்டதே இல்லை.

ஆர்சிஎஸ் தரநிலையைப் படித்து நானே ஒரு செயலி எழுதலாமா?

எழுதலாம், இணைக்க முடியாது. ஆண்ட்ராய்டில் எவரும் எஸ்எம்எஸ் செயலி எழுதிப் பயனரின் இயல்புச் செயலியாக ஆக்க வழி உண்டு. ஆர்சிஎஸ்ஸுக்கு அத்தகைய பொது வாயில் இல்லை. சாம்சங் போன்ற நிறுவனங்களின் செயலிகள் அந்த வசதியைத் தனி ஏற்பாட்டின் பேரிலேயே பெற்றன. ஆப்பிளோ பல ஆண்டுகள் எஸ்எம்எஸ்ஸுக்கே மாற்றுச் செயலியை அனுமதிக்கவில்லை.

ஆப்பிள் ஏன் இத்தனை காலம் ஆர்சிஎஸ்ஸை ஏற்கவில்லை?

ஐமெசேஜ் 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 உடன் வந்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செல்லும் செய்தி ஆப்பிளின் சர்வர் வழியாக, பிறர் படிக்க இயலாதபடி உருமாற்றும் மறையாக்கத்தோடு, நீலக் குமிழியில் போகும். மற்றவர்களுக்குச் செல்வது எஸ்எம்எஸ்ஸாகப் பச்சையில் போகும். அதைப் பயனர் தேர்ந்தெடுப்பதில்லை. பெறுபவரின் எண்ணைப் பார்த்துக் கைபேசியே தீர்மானிக்கிறது.

எபிக் கேம்ஸ் என்னும் விளையாட்டு மென்பொருள் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆவணங்கள் ஆப்பிளின் எண்ணவோட்டத்தைத் தெளிவாக்கின. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுசெல்வது நமக்கு உதவுவதைவிடக் கெடுதலே செய்யும் என்று ஓர் உயர் அலுவலர் எழுதியிருந்தார். ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கித் தருவதற்கு இருக்கும் தடையை அது நீக்கிவிடும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பொறியியல் காரணம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. 2022 செப்டம்பரில் ஒரு மாநாட்டில், தம் தாய்க்குக் காணொளி அனுப்ப முடியவில்லை என்று கேட்டவரிடம், தாய்க்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்று ஆப்பிளின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் விடையளித்தார்.

பின்னர் 2023 நவம்பர் 16 அன்று ஆர்சிஎஸ்ஸை ஏற்பதாக ஆப்பிள் அறிவித்தது. 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18இல் அது நடைமுறைக்கு வந்தது. மனமாற்றத்துக்கான காரணத்தை ஆப்பிள் விளக்கவில்லை. ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர்கள் ஐமெசேஜை ஆராய்ந்துகொண்டிருந்த நேரம் அது என்பதை மட்டும் இங்கே குறிக்கலாம். படங்களும் காணொளிகளும் இப்போது தெளிவாகப் போகின்றன. குமிழி பச்சையாகவே இருக்கிறது. சேவை நிறுவனம் ஆர்சிஎஸ்ஸை ஆதரித்தால் மட்டுமே ஐபோனில் அது இயங்கும்.

பீப்பர் மினி என்ன ஆயிற்று?

2023 டிசம்பரில் வந்த அந்தச் செயலி, ஐமெசேஜின் தகவல் பரிமாற்ற நெறிமுறையை அலசிக் கண்டறிந்து ஆண்ட்ராய்டிலிருந்தே நீலக் குமிழிச் செய்திகளை அனுப்பியது. சில நாள்களிலேயே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆப்பிள் அதைத் தடுத்தது. எஸ்எம்எஸ்ஸாக வெளிப்படையாகப் போயிருக்கக்கூடிய செய்திகள் அந்தச் செயலியால் மறையாக்கம் பெற்றன என்பதால், பாதுகாப்புக் காரணம் முழுவதும் நம்பத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. பிறர் பணம் செலவிட்டு நடத்தும் சர்வரை அனுமதியின்றிப் பயன்படுத்துவது நிலைக்கக்கூடிய ஏற்பாடும் அன்று.

திறந்த தரநிலை என்றால் பாதுகாப்பு குறையுமா?

எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கம் அதில் இல்லை. சேவை நிறுவனம் படிக்கலாம். நிறுவனங்களை இணைக்கும் எஸ்எஸ்7 என்னும் பழைய சமிக்ஞை முறையின் ஓட்டைகளைப் பயன்படுத்திப் பிறரும் இடைமறிக்கலாம். ஆனால் இது வயதின் குறையே அன்றித் திறந்த தன்மையின் குறையன்று. மறையாக்கத் துறையில், வழிமுறையை வெளியிட்டுப் பலர் சோதித்த பின் நம்புவதே நெடுங்கால வழக்கம். சிக்னல் நெறிமுறை வெளிப்படையாக இருந்ததால்தான் வாட்ஸ்அப் அதை எடுத்து 2016 ஏப்ரலில் தன் பயனர்கள் அனைவருக்கும் கொண்டுசேர்க்க முடிந்தது.

ஆர்சிஎஸ்ஸில் கதை வேறு விதமாகப் போயிற்று. அதன் தரநிலையில் முனைக்கு முனை மறையாக்கம் நெடுங்காலம் இல்லை. 2021இல் கூகுள் தன் செயலியில் அதைச் சேர்த்தது. அது தரநிலைக்கு வெளியே நின்ற கூகுளின் சொந்தச் சேர்க்கை என்பதால், இரு முனையிலும் கூகுள் மெசேஜஸ் இருந்தால்தான் வேலை செய்தது. திறந்த தரநிலையின் பெயரால் ஆப்பிளை வலியுறுத்திய நிறுவனத்தின் மிக முக்கியமான அம்சம், அந்தத் தரநிலையிலேயே இல்லாதிருந்தது. ஐஇடிஎஃப் 2023 ஜூலையில் வெளியிட்ட எம்எல்எஸ் என்னும் குழு மறையாக்கத் தரநிலையை அடிப்படையாகக் கொண்டு, 2025 மார்ச்சில்தான் ஜிஎஸ்எம்ஏ ஆர்சிஎஸ்ஸுக்கு மறையாக்கத்தை வகுத்தது. அதை ஆதரிப்பதாக ஆப்பிளும் அறிவித்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும், யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது சர்வரை நடத்துபவருக்குத் தெரியக்கூடும்.

வாட்ஸ்அப் நன்றாகத்தானே இயங்குகிறது? அது மூடிய சேவையாக இருப்பதில் என்ன குறை?

இயங்குகிறது என்பதில் ஐயமில்லை. மறையாக்கத்தைக் கோடிக்கணக்கானோருக்குக் கொண்டுசேர்த்ததில் எந்தத் தொலைபேசி நிறுவனமும் அதற்கு ஈடில்லை. குறை, விதிகளை எழுதுபவரும் நடுவரும் உரிமையாளரும் ஒருவரே என்பதில் இருக்கிறது. 2014இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, பயனர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மாற்றுச் செயலி கொண்டு இணைந்தவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டிருக்கின்றன. 2025 அக்டோபரில் வணிகச் சேவை விதிகளை மாற்றி, பொதுப்பயன் செயற்கை நுண்ணறிவு உரையாடல் சேவைகளுக்கு அங்கே இடமில்லை என்று மெட்டா அறிவித்தது. மெட்டாவின் சொந்த உரையாடல் சேவை அதே செயலிக்குள் இருக்கிறது.

ஐரோப்பியச் சட்டம் இதை மாற்றிவிட்டதா?

ஓரளவுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வாயிற்காவலர் என்று அறிவிக்கப்படும் பெரிய செய்திச் சேவைகள் மற்றச் சேவைகள் கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன; ஐமெசேஜ் ஆராயப்பட்டு 2024 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்னும் இரு சிறு சேவைகளை ஐரோப்பாவில் இணைப்பதாக வாட்ஸ்அப் அறிவித்தது.

சட்டம் கேட்பது பொதுத் தரநிலையை அன்று. வாயிற்காவலர் தாமே வெளியிடும் நிபந்தனைகளின்படியான இணைப்பை. ஆகவே சிறிய சேவை ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பின் வழிக்கு வர வேண்டியிருக்கிறது. சிக்னல் போன்றவை, தங்கள் தனியுரிமைத் தரம் தாழும் என்று கருதி, இணையவே முன்வரவில்லை. அனைவருக்கும் பொதுவான வழியை வகுக்க ஐஇடிஎஃப்பில் ஒரு பணிக்குழு 2023 முதல் இயங்கிவருகிறது. அதன் பணி மெதுவானது, ஆனால் சரியான இடத்தில் நடக்கிறது.

மின்னஞ்சலைப் போல யாரும் சர்வர் நடத்தும் செய்தி முறை முன்பே இருந்ததே?

இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபி 2004இல் ஐஇடிஎஃப் தரநிலையாயிற்று. 2005இல் வந்த கூகுள் டாக் அதன் மேல் கட்டப்பட்டது. 2006 முதல், கூகுள் கணக்கு வைத்திருப்பவர் வேறு எவருடைய எக்ஸ்எம்பிபி சர்வரில் இருப்பவரோடும் பேச முடிந்தது. 2013இல் ஹேங்அவுட்ஸ் என்னும் தன் புதிய செய்திச் சேவை வந்தபோது கூகுள் அந்தக் கதவை மூடியது. வாட்ஸ்அப்பும் எக்ஸ்எம்பிபியைத் தழுவித் தொடங்கியதுதான். வெளியாரோடு இணையும் பகுதியை மட்டும் விட்டுவிட்டது. தரநிலை, நிறுவனங்கள் வளர ஏணியாகப் பயன்பட்டது. மேலே ஏறியதும் ஏணி உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது.

2014இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் என்னும் திறந்த செய்தித் தரநிலை இன்று இந்த வழியின் வலுவான வாரிசு. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கான டிஷாப் செயலியை அதன் மீதே கட்டியிருக்கிறது. ஆனால் பொதுமக்களிடையே அது பரவாததற்குத் தொழில்நுட்பத்தைவிட, பேச வேண்டியவர்கள் அங்கே இல்லை என்பதே முதன்மைக் காரணம்.

சிக்னல் ஏன் மற்றச் சர்வர்களோடு இணைய மறுக்கிறது?

பல சர்வர்கள் சேர்ந்த முறையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர எல்லோரும் உடன்பட வேண்டும். அதனால் பாதுகாப்பு தேங்கிவிடும் என்பது சிக்னலின் வாதம். மின்னஞ்சலின் நிலையைப் பார்த்தால் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது, நடத்துபவர் நல்லவராகவே நீடிப்பார் என்ற நம்பிக்கையைச் சார்ந்து நிற்கிறது. சிக்னல் இலாப நோக்கற்ற அறக்கட்டளை என்பதால் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு; அதே வாதத்தை ஒரு விளம்பர நிறுவனம் முன்வைத்தால் நான் ஏற்க மாட்டேன்.

எஸ்எம்எஸ் மறைந்துவிடுமா?

விரைவில் மறையாது. உரையாடல்கள் வேறிடம் போய்விட்டாலும், ஒருமுறைக் கடவுச்சொற்களும் வங்கி அறிவிப்புகளும் அதில்தான் வருகின்றன. வாட்ஸ்அப், சிக்னல் போன்ற செயலிகளும் புதிய பயனரின் எண்ணைச் சரிபார்க்க அதையே நாடுகின்றன. இத்தகைய பதிவுச் சரிபார்ப்புக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவாவதாகச் சிக்னல் 2023இல் தெரிவித்தது. மூடிய செயலிகள் அனைத்தும், எல்லோரிடமும் இருக்கும் அந்தப் பழைய தரநிலையின் தோளில்தான் நிற்கின்றன.

கைபேசியை மாற்றும்போது செய்திகள் காணாமல் போகாதிருக்க என்ன செய்ய வேண்டும்?

தொலைபேசி எண் உங்களுடையது. ஆனால் அந்த எண்ணுக்கு வரும் செய்தி எங்கே போக வேண்டும் என்ற பதிவு ஆப்பிளிடமோ கூகுளிடமோ இருக்கும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்களுக்கு, மற்ற ஐபோன்கள் தொடர்ந்து ஐமெசேஜாகவே அனுப்பியதால், செய்திகள் வந்துசேராத தொல்லை நெடுநாள் இருந்தது. 2014 நவம்பரில் ஆப்பிள், எண்ணை ஐமெசேஜ் பதிவிலிருந்து நீக்க ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தது. கூகுளும் ஆர்சிஎஸ்ஸை நிறுத்த அத்தகைய பக்கம் வைத்திருக்கிறது. சிம்மைப் புதிய கைபேசிக்கு மாற்றும் முன், பழைய கைபேசியின் அமைப்புகளில் ஐமெசேஜையோ ஆர்சிஎஸ் அரட்டையையோ அணைத்துவிடுங்கள். பழைய கைபேசி தொலைந்திருந்தால் அந்தந்த நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால், சரிபார்ப்புக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும்.